பழைய மேசை விளக்குக்குப் பெயின்டும் மீந்த துணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டே பழைய மேசை விளக்கு ஒன்றுக்குப் பெயின்ட் அடித்து, அலமாரியில் கிடக்கும் துணியால் புது ஷேட் போட நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும்: விளக்கை எரியவிட்டுப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். பகலில் கண்ணைப் பறித்த துணி இரவில் காலை வாரிவிடும்.

எப்படிப்பட்ட விளக்கை எடுத்தால் வேலைக்கு ஆகும்?

அடிப்பாகம் கனமாக, ஆடாமல் நிற்க வேண்டும். ஷேட்டின் துணி கிழிந்து தொங்கினாலும் பரவாயில்லை, எப்படியும் உரிக்கத்தான் போகிறோம். மேலும் கீழும் உள்ள கம்பி வளையங்கள் கோணாமல் இருந்தால் போதும். வளையத்தில் மேலாகப் படிந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடலாம். அழுத்தினால் செதில் செதிலாக உதிர்கிறது என்றால் அந்த வளையத்தை விட்டுவிடுங்கள்.

பல்பு மாட்டும் ஹோல்டர் விரிந்திருந்தாலோ கருகியிருந்தாலோ விளக்கையே வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஹோல்டர் தனியாகக் கிடைக்கிற சாமான்தான்.

பழைய விளக்கு எங்கே கிடைக்கும்?

சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்கள்தான் நல்ல வேட்டைக்காலம். வீட்டுக்கு வீடு துடைத்துக் கழுவிப் பழையதைக் கழிப்பார்கள். கேரோசல் இணையச் சந்தையில் இலவசமாகவே கொடுப்பவர்கள் உண்டு. சால்வேஷன் ஆர்மி நடத்தும் பழம்பொருள் கடைகளிலும் பார்க்கலாம். வீடு வீடாகப் பழையது வாங்கும் காராங் குனிக்காரர் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்ட பிறகும் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை; பேரம் பேச அவரும் தயார்தான். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தைக்குப் போகச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது.

மின்தூக்கி அருகே யாரோ வைத்திருக்கும் விளக்கை, கேட்காமல் எடுக்காதீர்கள். அவர்கள் வீடு மாறிக்கொண்டிருக்கலாம்.

முதலில் பெயின்டா, துணியா?

இரண்டும் இல்லை, முதலில் வயர். அடித்த பெயின்டும் ஒட்டிய துணியும் அழகாக அமைந்த பிறகு வயரை மாற்ற வேண்டி வந்தால், விளக்கின் அடியைத் திருகிக் கழற்றும்போது எல்லாம் கீறிப் போகும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வயரை இரண்டு இடத்தில் மடக்கிப் பாருங்கள். ஒன்று, பிளக்குக்குள் நுழையும் இடம். இன்னொன்று, விளக்கின் அடியில் இருந்து வெளியே வரும் இடம். அதிகம் வளைவது இந்த இரண்டும்தான், முதலில் வெடிப்பதும் இவைதான். வெடிப்பு தெரிந்தாலோ உறை விறைத்துப் போயிருந்தாலோ மாற்றிவிடுங்கள். சில பழைய வயர்கள் கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். அது அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம். பி.வி.சி. உறையை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பசை வெளியே கசிகிறது, அவ்வளவுதான். அந்த வயருக்கு வயதாகிவிட்டது. மேலே நூல் பின்னிய பழங்கால வயர் பார்க்க அழகுதான், ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும்.

வயரை நானே மாற்றலாமா?

பிளக், ஹோல்டர் இரண்டிலும் வயர் எப்படிச் சேர்கிறது என்று தெரிந்தவர் செய்யலாம். பழுப்பு நிறம் மின்சாரம் வரும் கம்பி, நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். பழைய விளக்குகளில் இதுவே சிவப்பு, கறுப்பு, பச்சை என்று இருக்கும். திருகு பல்பு என்றால் மின்சாரம் வரும் கம்பி ஹோல்டரின் நடுப்புள்ளிக்குத்தான் போக வேண்டும், ஓரத்துத் திருகு வளையத்துக்குப் போகக் கூடாது. மாற்றிப் போட்டாலும் விளக்கு எரியும். ஆபத்தே அதுதான்: பல்பு மாற்றும்போது விரல் படுகிற இடத்தில் 230 வோல்ட் நிற்கும்.

மேலே உள்ளதைப் படித்துத் தலை சுற்றினால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. விளக்குக் கடையில் கொடுத்துவிடுங்கள், பாலஸ்டியர் சாலையிலும் ஜாலான் புசார் பக்கமும் கேட்டுப் பார்க்கலாம். அல்லது ரிப்பேர் கோப்பித்தியாம் கூடும் நாளில் எடுத்துப் போங்கள். அங்கே தொண்டூழியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நம் கையாலேயே பழுதுபார்க்கச் சொல்லித்தருவார்கள். சுவருக்குள்ளும் கூரையிலும் போகும் வயரிங் வேறு சங்கதி. அதற்கு உரிமம் பெற்ற மின் பணியாளர்தான் வர வேண்டும்.

ஊரில் (இந்தியாவில்) இருந்து கொண்டுவந்த விளக்கு. பிளக்கில் உருண்டைக் கம்பிகள். பேனாவை நுழைத்து மாட்டினால் எரிகிறது. அப்படியே விடலாமா?

விடாதீர்கள். இங்குள்ள சாக்கெட்டில் மேல் துளைக்குள் எதையாவது குத்தினால்தான் கீழ்த் துளைகளின் மூடி திறக்கும். அந்த மூடி குழந்தைகளின் விரலுக்காகப் போட்டது. பேனாவைக் குத்தி உருண்டைக் கம்பியை நுழைத்தால் அது இறுக்கமாகப் பிடிக்காது. தொளதொளவென்று இருக்கிற இடத்தில் சூடேறும். பிளக்குக்குள் ஃபியூஸும் இல்லை.

இந்தியாவிலும் 230 வோல்ட்தான், ஆகவே விளக்குக்கு ஒன்றும் ஆகாது. பிளக்கை வெட்டிவிட்டு இங்குள்ள மூன்று கம்பிப் பிளக்கைப் போட்டால் சரி. வாங்கும்போது அதற்குள் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள், பல பிளக்குகள் அப்படித்தான் வருகின்றன. மேசை விளக்குக்கு 3 ஆம்பியர் போதும், மாற்றிப் போடுங்கள். புதுப் பிளக்கில் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரையான சேஃப்டி மார்க் இருக்க வேண்டும்.

ஊர் விளக்குகளில் ஹோல்டரும் வேறாக இருக்கலாம். அங்கே அழுத்தித் திருப்பி மாட்டும் பி22 வகைதான் பழக்கம். இங்கே கடைகளில் திருகும் இ27 வகைதான் நிறையக் கிடைக்கும். பி22 பல்பு இங்கே கிடைக்காது என்றில்லை, தெரிவு குறைவு. அதற்காக மட்டும் ஹோல்டரை மாற்ற வேண்டாம்.

எந்த பல்பு?

எல்.இ.டி. துணி ஷேட் போட்ட விளக்கில் வேறு பேச்சே இல்லை. பழைய குண்டு பல்பு தின்னும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சூடாகத்தான் போகும். ஷேட்டின் உள்பக்கத்தில் பொன்னிறமாகப் பொரிந்த வட்டம் தெரிந்தால் அது குண்டு பல்பின் கைங்கரியம். 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 8 அல்லது 9 வாட் எல்.இ.டி. தந்துவிடும், உறையில் 800 லூமென் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். நிறத்துக்கு 2700 கெல்வின் வாங்குங்கள், அது மஞ்சள் கலந்த வெளிச்சம். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் பட்டுத்துணிகூட பாலிதீன் பைபோலத் தெரியும்.

எல்.இ.டி.யும் சூடாகும், அதன் கழுத்துப் பக்கம். ஆகவே ஷேட்டின் மேல்வாயைத் துணியால் மூடிவிடாதீர்கள். பல்புக்கும் துணிக்கும் நடுவே நான்கு விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும்.

பித்தளை விளக்குக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

உண்மையான பித்தளை என்றால் அடிக்காதீர்கள். இது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பித்தளைமேல் பெயின்ட் சரியாகப் பிடிக்காது, பிடித்தாலும் ஒருநாள் தோல் தோலாக உரியும். குளிர்ப்பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு, மேலே பூச்சு மட்டும்தான். தாராளமாகப் பெயின்ட் அடிக்கலாம். ஒட்டாவிட்டால் ஒரு ஓரத்தில் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை. வீட்டில் செய்கிற மாதிரி புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். வயர், ஹோல்டர் எல்லாம் கழற்றிய பிறகுதான் தண்ணீர் பட வேண்டும்.

புளி போட்டும் கறுப்பு அசையவில்லை என்றால் மேலே வார்னிஷ் இருக்கிறது என்று அர்த்தம். முதலில் அதை எடுக்க வேண்டும், அப்புறம்தான் புளி.

மற்றவற்றுக்கு எந்தப் பெயின்ட்? எப்படி அடிப்பது?

மரத்துக்கும் பீங்கானுக்கும் பிளாஸ்டிக்குக்கும் தண்ணீர் கலந்த அக்ரிலிக் பெயின்டே போதும், ஆனால் கீழே பிரைமர் என்ற அடிப்பூச்சு இருக்க வேண்டும். வழவழப்பான பீங்கானுக்குச் சாதாரண பிரைமர் போதாது, எதன் மேலும் ஒட்டும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அக்கம்பக்கத்து ஹார்ட்வேர் கடையில் விளக்கையே தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவது நல்லது. கடைக்காரர் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துச் சரியானதை எடுத்துத் தருவார்.

அடிக்கும் வேலையைவிட அதற்கு முன்னால் செய்யும் வேலைதான் அதிகம். பாத்திரம் கழுவும் சோப்பில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, ஓர் இரவு காயவிட வேண்டும். பிறகு 240 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்குத் தேய்த்து, ஈரத்துணியால் தூசியைத் துடைக்க வேண்டும். ஹோல்டரையும் வயர் வரும் துளையையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். பிரைமர் ஒரு பூச்சு, பெயின்ட் மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு. ஒரே பூச்சில் மூடிவிடலாம் என்று கெட்டியாக அடித்தால் வழிந்து கண்ணீர்த் தடம்போல நிற்கும்.

மிகப் பழைய விளக்கு, ஏற்கெனவே பெயின்ட் அடித்தது என்றால் அதில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. சிங்கப்பூரில் பெயின்டில் ஈயத்துக்கான கடுமையான வரம்பு 2022 ஜனவரியில்தான் வந்தது. அப்படிப்பட்டதை உலர்வாகத் தேய்க்காதீர்கள், தூள் பறக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதையும் செய்யாமல், வேறு விளக்கு தேடிக்கொள்வதே மேல்.

பெயின்ட் காயவே மாட்டேன் என்கிறது. ஏன்?

டப்பாவில் போட்டிருக்கும் நேரம் நம் ஊர்க் காற்றுக்குப் போட்டதில்லை. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். வடகிழக்குப் பருவமழை கொட்டும் டிசம்பர், ஜனவரியில் சொல்லவே வேண்டாம். டப்பாவில் ஒரு மணி நேரம் என்றிருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். மழை நாளில் ஸ்ப்ரே அடித்தால் பளபளப்பான பெயின்ட் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும், காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொள்வதால்.

கையில் ஒட்டாமல் போவதும் நன்றாகக் காய்வதும் ஒன்றல்ல. விளக்கின் அடிப்பக்கத்தில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்.

தாழ்வாரத்தில் வைத்து ஸ்ப்ரே அடிக்கலாமா? கீழ்த்தளத்தில்?

இரண்டும் வேண்டாம். தாழ்வாரம் எல்லாருக்கும் வழி. வாடை எதிர் வீட்டுக்குள் போகும், தூறல் பக்கத்து வீட்டுச் செருப்பலமாரியில் படியும். கீழ்த்தளத் தரையில் ஒரு வட்டம் பதிந்துவிட்டால் நகர மன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். பொது இடத்தில் பெயின்ட் கறை விஷயத்தில் இந்த ஊர் எவ்வளவு கண்டிப்பு என்று சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்ப்ரே அடிப்பது அதைவிட மோசம். அடுப்பு எரியும் வீட்டில் அந்த ஆவி பற்றிக்கொள்ளவும் செய்யும். என்னைக் கேட்டால், வீவக வீட்டுக்குப் பிரஷ்ஷும் தண்ணீர் கலந்த பெயின்டும்தான் பொருத்தம். ஜன்னலைத் திறந்து வைத்து, கீழே பழைய தமிழ் முரசு நாலு தாளை விரித்தால் வேலை முடிந்தது. பிரஷ் தடம் தெரியாமல் இருக்க வேண்டுமானால் சிறிய பஞ்சு உருளை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஷேட்டுக்கு எந்தத் துணி நன்றாக இருக்கும்?

தாம்பூலப் பைகளில் வந்து சேர்ந்த ப்ளவுஸ் பிட்டுகள் உங்கள் வீட்டிலும் ஒரு கட்டு இருக்கும். யாருக்கும் தைக்காமல், அடுத்த கல்யாணத்தில் வேறு ஒருவருக்குத் தள்ளிவிடவும் மனசு வராமல் கிடப்பவை. அவற்றில் இருந்து தொடங்குங்கள். சாயம் போன பருத்திப் புடவை, சுங்குடி, ஓரம் நைந்த வேட்டி, பாஜு குரோங் தைத்து மிஞ்சிய பாத்திக் துண்டு எல்லாமே ஆகும்.

தேர்ந்தெடுப்பதற்கு ஒரே வழிதான். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, எரியும் பல்புக்கு முன்னால் ஒரு சாண் தள்ளித் துணியைப் பிடியுங்கள். கைப்பேசி டார்ச்சும் ஆகும், ஆனால் அதன் வெளிச்சம் வெள்ளை; மஞ்சள் பல்பில் நிறம் வேறாகத் தெரியும். அப்போது மூன்றைக் கவனியுங்கள்.

நிறம் முதலில். சிவப்புத் துணி அறையையே சிவப்பாக்கும், சாப்பாட்டு மேசைமேல் அது அழகாக இருக்காது. நீலத்துணி மஞ்சள் வெளிச்சத்தில் மங்கி அழுக்காகத் தெரியும், ஏனென்றால் அந்த வெளிச்சத்தில் நீலமே குறைவு. சந்தனம், வெளிர் மஞ்சள், இளம் பச்சை, வெள்ளை ஆகியவை ஏமாற்றாதவை. இரண்டாவது நெசவு. காஞ்சிபுரப் பட்டு பகலில் ராணி மாதிரி இருக்கும். பல்பு எரிந்தால் வெளிச்சம் அதைத் தாண்டாது, மேலேயும் கீழேயும் மட்டும் வழியும். படிக்கும் விளக்குக்கு அது உதவாது, மூலையில் அழகுக்கு வைக்கும் விளக்குக்குப் பழுதில்லை. மூன்றாவது குறைகள். பகலில் கண்ணுக்கே தெரியாத எண்ணெய்க் கறை, இழை ஓட்டம், பழைய தையல் துளைகள் எல்லாம் வெளிச்சத்தில் வரைபடம் போட்டுக் காட்டும்.

செயற்கை இழையா என்று சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவி, தொட்டிக்கு மேலே பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பட்டு முடி பொசுங்கும் வாடை தரும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டி மணியாக இறுகும். உருகுவதை ஷேட்டுக்குப் போடாதீர்கள்.

அம்மாவின் பழைய பட்டுப் புடவையை வெட்டலாமா?

கட்டக்கூடிய நிலையில் இருந்தால் வெட்டாதீர்கள். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த பட்டு, மடிப்பு வரியிலேயே விரிசல் விட்டிருக்கும். கட்டினால் கிழியும், தைத்தாலும் நிற்காது. அப்படிப்பட்ட புடவையில் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே நல்ல துணி அகலமாகவே இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். தையல்காரர்கள் காலருக்கு வைக்கும் ஒட்டு கேன்வாஸில் மெல்லியதை வாங்கிப் பின்பக்கம் இஸ்திரி போட்டு ஒட்டினால் நைந்த பட்டு நிமிர்ந்து நிற்கும். தேக்கா நிலையத்தின் மாடியில் உள்ள தையல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். முந்தானையைக் கடைசிவரை வெட்டாமல் வைத்திருங்கள், யாராவது கேட்பார்கள்.

துணி எவ்வளவு வேண்டும்?

நேராக நிற்கும் உருளை ஷேட்டுக்குக் கணக்கு எளிது. விட்டத்தை 3.14ஆல் பெருக்கி, மேல் கவிய 2 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். 30 செ.மீ. விட்டம் என்றால் சுமார் 96 செ.மீ. நீளம். உயரம் 20 செ.மீ. என்றால் மேலும் கீழும் மடிக்க ஒன்றரை ஒன்றரை சேர்த்து 23 செ.மீ. ஒரு மீட்டர் ப்ளவுஸ் பிட் சரியாக இருக்கும். 80 செ.மீ. பிட் நீளவாக்கில் எட்டாது, அகலவாக்கில் அளந்து பாருங்கள். அதிலும் எட்டாவிட்டால் இரண்டு துண்டாகப் போட்டு, மூட்டு இரண்டும் பக்கவாட்டில் வரும்படி வையுங்கள்.

மேலே குறுகிக் கீழே விரிந்த ஷேட்டில்தான் ஆட்டம். அதைக் காகிதத்தின்மேல் படுக்கவைத்து ஒரு சுற்று உருட்டிக்கொண்டே மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பென்சிலால் வரையுங்கள். நேர்க்கோடு வராது, வளைந்த பட்டை வரும். அந்த வடிவத்தில்தான் துணியை வெட்ட வேண்டும். இதனால் ஒரு சங்கடம்: கரை வைத்த துணியும் கோடு போட்ட துணியும் இதற்கு ஆகாது. கரை நேராக நெய்தது, விளிம்போ வளைந்தது. ஒரு பக்கம் சேர்ந்தால் இன்னொரு பக்கம் விலகும். வேட்டிக் கரையும் புடவைக் கரையும் உருளை ஷேட்டுக்கே எழுதி வைத்தவை.

விரிந்த ஷேட்டுக்குப் புடவைத் துணிதான் வேண்டும் என்றால் ஒட்டாதீர்கள், கொசுவம் வையுங்கள். கீழ்ச் சுற்றளவைப்போல இரண்டு பங்குத் துணியை எடுத்து, கொசுவி, மேல் வளையத்திலும் கீழ் வளையத்திலும் ஊசி நூலால் தைத்துவிடலாம். மெல்லிய பருத்தியில் இது அமைந்தால் கடையில் வாங்கியதைவிட நன்றாக இருக்கும். நேரம் பிடிக்கும், ஒரு சாயங்காலத்தில் முடியாது.

பழைய துணியை உரிக்காமல் மேலேயே ஒட்டலாமா?

கூடாது. கறை உள்ளிருந்து தெரியும். துணியை மட்டும் உரித்துவிட்டு, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாள் மஞ்சளாகாமல் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பசை?

வெள்ளைப் பசை, கொஞ்சம் தண்ணீர் விட்டு. முஸ்தபா கடையில் ஃபெவிகால் கிடைக்கும். பிளாஸ்டிக் தாளில்தான் தடவ வேண்டும், துணியில் தடவினால் ஊறிக் கறை பிடிக்கும். நடுவில் தொடங்கி ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவிக்கொண்டே போனால் குமிழ் வராது. மடித்த ஓரம் ஈரத்தோடு எழும்பி நிற்கும்; துணி காயப்போடும் கிளிப்பால் சுற்றிக் கவ்விவிட்டு, காய்ந்ததும் எடுங்கள்.

மைதாப் பசை காய்ச்ச வேண்டாம். காசு மிச்சம்தான், ஆனால் மாவுப்பசையைத் தின்ன வெள்ளிமீன் பூச்சிகள் வரும், இந்த ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும்.

ஜரிகைத் துணியில் மின்சாரம் பாயுமா?

அசல் ஜரிகை உலோகம், ஆகவே பாயும். பிசிறு ஹோல்டரைத் தொடாதபடி ஓரத்தை மடித்து ஒட்டினால் கவலை இல்லை.

உடைந்த குத்துவிளக்கை மேசை விளக்காக மாற்றலாமா?

துளை போட்டு வயர் இழுத்துவிட முடியும், ஆனால் முழு உடம்பும் உலோகம் என்பதால் எர்த் இணைப்போடு மூன்று கம்பி வயர் கட்டாயம். அதைத் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களைக் கேட்காமல் தொடங்காதீர்கள், அதற்குக் காரணம் மின்சாரம் அல்ல.

பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாமா?

பிரஷ், பசை, நீவும் வேலை எல்லாம் அவர்களுக்கு. கத்தரியும் வயரும் உங்களுக்கு.

ஷேட்டை எப்படிச் சுத்தம் செய்வது?

நனைக்காதீர்கள், பசை விட்டுவிடும். உலர்ந்த பெயின்ட் பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே தட்டிவிடுங்கள். சாமி அறைக்கு அருகே வைத்தால் ஊதுபத்திப் புகை படிந்து வெளிர்நிறத் துணி பழுக்கும். அங்கே கொஞ்சம் அடர்நிறம் போடுங்கள்.

கழற்றிய பல்பு, மீந்த பெயின்ட் இதையெல்லாம் என்ன செய்வது?

எல்.இ.டி. பல்பும் குழல் விளக்கும் மின்கழிவுத் தொட்டிக்குப் போகும். கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் அந்தத் தொட்டிகள் இருக்கின்றன. விளக்குக்கென்று தனி வாய் உள்ள தொட்டியைப் பார்த்துப் போடுங்கள். குழல் விளக்கில் பாதரசம் இருப்பதால் உடையாமல் கொண்டுபோக வேண்டும்.

மீந்த பெயின்டைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். இங்கே மழைக் கால்வாய்த் தண்ணீரில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. பழைய செய்தித்தாளில் தடவிக் காயவிட்டு, காய்ந்த தாளைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். ஒரு சின்னப் புட்டியில் கொஞ்சம் எடுத்து மூடி வைத்தால் பிறகு கீறல் விழும் இடத்தில் தொட்டுவிடலாம். புட்டியின்மேல் நிறத்தின் எண்ணை எழுதி வையுங்கள், பெயரை எழுதினால் கடையில் கண்டுபிடிக்க முடியாது.